கதவு திறக்கத் தெரியாதவள்

ஜூலை 9, புதன்

அம்மா இன்றைக்கும் தெருவுக்குச் சொல்லி முடித்துவிட்டாள். பால் வாங்கப் போனவள் எதிர்வீட்டுப் பவுனம்மாளைப் பிடித்து நிறுத்தி, "பன்னெண்டு வருசமா ஏரோபிளேன்ல கதவு தொறந்தவளுக்குக் கதவு தொறக்கத் தெரியலயாம். ஊட்டுக்கு அனுப்பிச்சிட்டாங்க" என்றாள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தேன். என் அம்மா மீனம்பாள் மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. பவுனம்மாள் 'அய்யோ பாவம்' என்றாள். திட்டினால் திருப்பித் திட்டலாம், இந்தப் பாவத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நடந்ததை நானே ஒழுங்காக எழுதிவிடுகிறேன். அம்மா சொல்கிற மாதிரியே இருந்தால் நாளைக்கு எனக்கே அதுதான் உண்மை என்று தோன்றிவிடும்.

கம்பெனி பழைய விமானங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டுப் புதுசு இறக்குகிறது. பழையதில் வேலை பார்த்த பணிப்பெண்கள் எல்லோரும் பெங்களூருவுக்குப் போய், புதுசுக்குப் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, செய்தும் காட்ட வேண்டும். எழுத்தில் நல்ல மார்க். கதவைத் திறந்து காட்டுவதில் இரண்டு தடவை தோற்றேன். மூன்றாவது தடவைதான் கடைசி, ஆகஸ்டு முடிவில் கூப்பிடுவார்களாம். அதிலும் தோற்றால் பழைய விமானத்தோடு நானும் கழிவு.

அதுவரை செஞ்சியில் உட்கார்ந்து பவுனம்மாளின் பாவத்தை வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஜூலை 11, வெள்ளி

படிக்கச் சொல்லிக் கம்பெனி அனுப்பியிருக்கிற கையேட்டைப் போனில் திறந்தேன். முதல் பக்கத்திலேயே 'புதிய தலைமுறை விமானம்'. தலைமுறையாம். பழையது என்ன, பிள்ளை பெற்றதா?

இருக்கை எடை குறைவு என்று பீற்றிக்கொள்கிறார்கள். எடை ஏன் குறைந்தது? பஞ்சை எடுத்துவிட்டார்கள். பழையதில் உட்கார்ந்தால் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இது அப்பளத்தின் மேல் துணி போட்ட மாதிரி இருக்கிறது, பின்சீட்டுக்காரன் கால் நீட்டினால் அவன் முட்டி எது என்று நம் முதுகே சொல்லிவிடும். கழிவறையைச் சுருக்கி, மிச்சம் பிடித்த இடத்தில் இன்னும் ஒரு வரிசை போட்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் புத்திசாலித்தனமான வடிவமைப்பு. திருவண்ணாமலை டவுன் பஸ்ஸில் பௌர்ணமிக்கு ஆள் அடைக்கிற கண்டக்டரை யாரும் வடிவமைப்பாளர் என்று சொல்லக் காணோம்.

விளக்கைப் பற்றி ஒரு முழுப் பக்கம். ஏறும்போது ஊதா, சாப்பிடும்போது ஆரஞ்சு, தூங்கும்போது நீலம். மேல்மலையனூர் அமாவாசைக்குக் கட்டுகிற சீரியல் லைட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டிருந்தால் எழுத்துப் பரீட்சையில் இன்னும் அதிக மார்க் வாங்கியிருப்பேன்.

சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டதாம். அது உண்மைதான். பழையது மாவு மில் மாதிரி இரையும். பின்னால் உட்கார்ந்தவன் என்னைப் பற்றி என்ன சொன்னாலும் காதில் விழாது. புதுசில் எல்லாம் விழும்.

ஜூலை 14, திங்கள்

செஞ்சிக் கோட்டையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களாம். கடைத்தெருவெல்லாம் அதே பேச்சு. ராஜகிரி மலை நேற்று வரைக்கும் என்ன ஓரமாக ஒளிந்துகொண்டா இருந்தது? பட்டியலில் சேர்ந்தாலும் மத்தியானம் கரண்ட் போனது போனதுதான்.

ஜூலை 16, புதன்

எங்கே தவறுகிறேன் என்று தெளிவாக எழுதிப் பார்க்கிறேன்.

பழைய விமானத்தில் கதவின் அடியில் ஒரு இரும்புத் தடி. கதவுக்குள் மடித்து வைத்த அவசரச் சறுக்குமெத்தை அந்தத் தடியோடு சேர்ந்திருக்கும். கிளம்பும் முன் குனிந்து தடியைத் தரைக் கொக்கிகளில் மாட்ட வேண்டும். மாட்டிய நிலையில் கதவைத் திறந்தால் மெத்தை வெளியே பாய்ந்து ஊதிக்கொள்ளும், ஆபத்து என்றால் ஜனங்கள் அதில் சறுக்கித் தப்பலாம். நல்லபடியாகத் தரை இறங்கிவிட்டால் மறுபடி குனிந்து தடியைக் கழற்றிவிட்டுத்தான் திறக்க வேண்டும். கழற்றாமல் திறந்தால், வெளியே படிக்கட்டோடு நிற்கிறவன் மேல் மெத்தை பாயும். அவன் பிழைத்தால் அவன் அதிர்ஷ்டம்.

புதுசில் தடியும் இல்லை கொக்கியும் இல்லை. கதவுப் பக்கத்தில் முழங்கை உயரத்தில் ஒரு நெம்புகோல். மேலே தூக்கினால் மெத்தை கழன்றுவிடும். அவ்வளவுதான். ஒன்றாங்கிளாஸ் பிள்ளை செய்யும்.

நான் என்ன செய்தேன்? 'தரை இறங்கியாச்சு, கதவைத் திறங்க' என்ற குரல் கேட்டதும் குனிந்தேன். கீழே ஒன்றும் இல்லை. நிமிர்ந்தேன். கைப்பிடியை இழுத்தேன். பயிற்சிக்கூடம் முழுக்கச் சிவப்பு விளக்கு, ஹார்ன். இரண்டாவது தடவையும் அப்படியே, அச்சு மாறாமல். மறந்துவிட்டேன் என்றால் கூட ஒரு சமாதானம் இருக்கும். மறக்கவில்லை! குனிந்து எழுந்ததுமே 'கழற்றியாச்சு' என்று உடம்பு முடிவு கட்டிவிடுகிறது. என்னைக் கேட்பதே இல்லை.

பரீட்சை வைத்தவள் அனு. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம், நேராகப் புதுசில் ஏறியவள். பழையதில் பயணியாகக்கூடக் கால் வைத்ததில்லை. "அக்கா, கீழ என்ன தேடுறீங்க?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். அதுதான் எரிகிறது.

ஜூலை 19, சனி

சிரிப்பதா அழுவதா? பழைய விமானம் ஒன்று செஞ்சிக்கே வந்துவிட்டது.

நெல்லு மில் தாண்டவராயன் திண்டிவனம் ரோட்டில் ஓட்டல் கட்டுகிறார் என்று தெரியும். கோட்டை பார்க்க இனி வெளிநாட்டுக்காரன் வருவான், அவனுக்கு விமானத்தில் உட்கார்த்திச் சோறு போடப் போகிறாராம். கழித்துப் போட்ட விமானத்தை ஏலத்தில் எடுத்து, இறக்கையை வெட்டித் தனியாகவும் உடம்பைத் தனியாகவும் லாரியில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். கூட்டு ரோட்டில் போக்குவரத்து நின்று, பஸ்ஸிலிருந்து ஜனங்கள் இறங்கி செல்பி எடுத்தார்கள். கம்பெனிப் பெயரை வெள்ளைப் பெயிண்ட் அடித்து மறைத்திருந்தார்கள். எனக்கு எதற்குப் பெயர்? மூக்கைப் பார்த்தாலே தெரியும்.

நானும் போய் நின்றேன். வேறு வேலை இல்லையே.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மேல்மலையனூர் பஸ்களில் கூரை மட்டும்தான் காலி. அனு போன் செய்தாள். "அக்கா, நீங்க குனியறத மட்டும் நிறுத்தினாப் போதும்" என்றாள். பெரிய கண்டுபிடிப்பு. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

தாண்டவராயன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன்.

உள்ளே ஏறினால் சீட்டையெல்லாம் பிடுங்கிவிட்டுக் கல்யாண மண்டப சோபா போட்டிருக்கிறார். தலைக்கு மேல் பெட்டி வைக்கிற இடங்களில் பிளாஸ்டிக் கொடி தொங்குகிறது. விமானி அறைதான் குழந்தைகள் விளையாடுமிடம். ஓட்டலின் பெயர் ஆகாயக் கோட்டை. ஆகாயத்தில் கட்டுகிற கோட்டைக்கு அர்த்தம் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் ஏன் சொல்ல வேண்டும்?

முன் சமையலிடத்து மேடையில் ஒரு ஒடுக்கு இருந்தது. ஒரு மழைநாளில் கொச்சி போகும்போது விமானம் தூக்கிப்போட்டு, காபி குடுவை என் கையிலிருந்து விழுந்து ஒடுங்கிய இடம். விரலை வைத்துப் பார்த்தேன், அதேதான். இந்த விமானத்தில் நான் எத்தனையோ தடவை பறந்திருக்கிறேன். சனியன், போயும் போயும் இங்கேயா வந்து சேர்ந்தாய் என்று மனதுக்குள் திட்டினேன்.

தாண்டவராயன் விஷயத்துக்கு வந்தார். பட்டுப்புடவை கட்டி வாசலில் நின்று வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். மேனேஜர் என்று பெயர். "கொஞ்சம் குனிஞ்சு சொல்லணும்மா, கஸ்டமருக்கு மரியாதையா இருக்கும்" என்றார். அப்புறம் அந்தக் கதவுத் தடி. ஓட்டலுக்கு வருகிறவர்களுக்கு அதை மாட்டிக் கழற்றிக் காட்ட வேண்டும், ஜனங்கள் ரசிப்பார்களாம். மெத்தையைத்தான் எடுத்துவிட்டார்களே, பயமில்லை. திறப்பு விழா ஆடிப்பெருக்கு அன்று. அன்றைக்கு ஒருநாள் வந்து செய்துவிட்டுப் போ, பிடித்தால் இரு என்றார்.

அம்மாவிடம் சொன்னேன். உள்ளூர் வேலை, மில்லுக்காரர் வீட்டு வேலை, வேளைக்குச் சாப்பாடு, போய்ச் சேரு என்றாள். அம்மா பாதி ஆயுசு நடவு நட்டது அவர்கள் வயலில்தான். அந்த மரியாதை இன்னும் போகவில்லை.

ஆகஸ்டு 3, ஞாயிறு

திறப்பு விழா. போனேன். செய்தேன்.

நன்றாகச் செய்தேன். அதுதான் பிரச்சினை. குனிந்து, இரண்டு கையால் தடியைத் தூக்கி, ஒரே வீச்சில் கொக்கியில் போட்டேன். சத்தம்கூட அதே சத்தம். மறுபடி குனிந்து கழற்றினேன். ஜனங்கள் கை தட்டினார்கள். தாண்டவராயன் "இன்னொரு தபா காட்டும்மா" என்றார். காட்டினேன். பஞ்சாயத்துத் தலைவர் தாமதமாக வந்தார், அவருக்கு ஒரு தடவை. அவர் பேரனுக்கு ஒரு தடவை, அந்தப் பிள்ளை போனைப் பிடித்தது சரியில்லை என்று இன்னொரு தடவை. பெங்களூருவில் என்னைக் கவிழ்த்துவிட்ட வித்தைக்கு இங்கே கை தட்டுகிறார்கள். கரடி வித்தைக்கும் தட்டுவார்கள்.

அம்மா கூட்டத்தில் பவுனம்மாளோடு நின்றாள். பெருமையாக இருப்பாள் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. மீனம்பாள் வாய் மூடி வருவது அதிசயம், பவுனம்மாளே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஆகஸ்டு 4, திங்கள்

இடுப்பு வலி. இதுவும் பழைய விமானம் கொடுத்த சொத்துதான்.

ஆகஸ்டு 6, புதன்

அம்மாவுக்கு இன்றைக்குத்தான் வாய் திறந்தது. நான் பின்கட்டில் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். பின்கதவு நிலையில் முழங்கை உயரத்துக்கு ஒரு கரண்டியைக் கட்டி, அதுதான் நெம்புகோல் என்று வைத்திருந்தேன். கரண்டியைத் தூக்கு, தாழ்ப்பாளை இழு. இவ்வளவுதான் பாடம். ஆனால் ஒவ்வொரு தடவையும் முதலில் குனிந்துவிடுகிறேன். எனக்கே அறைய வேண்டும் போல இருந்தது.

அம்மா துணி அலசிக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள் போல. "ஏன்டீ, ஏரோபிளேன்லயும் இப்டித்தான் குனிஞ்சிட்டு கெடந்தியா?" என்றாள்.

ஆமாம் என்றேன். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும், ஒவ்வொரு தடவை இறங்கும்போதும். ஒரே நாளில் நாலைந்து ஊர் போனால் அத்தனை தடவையும்.

அம்மா துணியைத் தொட்டியில் போட்டுவிட்டாள். "நான் குனிஞ்சது போதும்னுதானே உன்ன அவ்ளோ ஒசரத்துக்கு அனுப்பினேன். அங்க போயும் நடவுதான் நட்டியா?"

அம்மாவிடம் எத்தனையோ சொல்லியிருக்கிறேன், மேகத்தைப் பற்றி, ஓட்டல் அறை மெத்தையைப் பற்றி, லிப்ஸ்டிக் என்ன நிறம் போட வேண்டும் என்று கம்பெனியே சொல்வதைப் பற்றி. குனிவதைச் சொன்னதில்லை. அதைப் போய்ச் சொல்கிற விஷயமாக நான் நினைத்ததே இல்லை. அம்மா மனதில் இத்தனை வருஷமும் நான் நிமிர்ந்தே நின்றிருந்தேன் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகை வந்துவிட்டது, பின்கட்டிலேயே நின்று அழுதேன்.

புதுசுல குனிய வேணாமா என்று கேட்டாள். வேண்டாம், கை எட்டுகிற இடத்திலேயே இருக்கிறது என்றேன்.

"அப்ப பழச எதுக்குடி தூக்கி வெச்சிட்டுத் திரியற?"

அப்புறம் ஒன்று சொன்னாள், இதுவரை நான் கேட்டதில்லை. நடவு நடும்போது வரப்பில் நிற்கிற மேஸ்திரி 'நிமிராத, நிமிராத' என்று கத்திக்கொண்டே இருப்பானாம். நிமிர்ந்தால் வரிசை தள்ளிப்போகும், வேலை நிற்கும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு யாராவது ஒரு நிமிஷம் நிமிர்ந்தால் போதும், அவள் பெயரைச் சொல்லி ஏச்சு விழும். அம்மாவுக்குப் பொழுது போய் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் காதில் கேட்குமாம். சொல்லிவிட்டுத் துணியை எடுத்து மறுபடி அலச ஆரம்பித்துவிட்டாள்.

ஆகஸ்டு 7, வியாழன்

அம்மாவே போய்த் தாண்டவராயனிடம் என் பொண்ணு வரமாட்டா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் கேட்கவில்லை. அவர் முகம் எப்படி இருந்தது என்று கேட்டேன். "பாக்கல" என்றாள். பொய். பார்த்திருப்பாள், நன்றாகவே பார்த்திருப்பாள்.

ஆகஸ்டு 12, செவ்வாய்

அம்மா முக்காலியைப் போட்டுப் பின்கட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். "எறங்கியாச்சி, தொற" என்று குரல் கொடுக்கிறாள். நான் கதவிடம் போகிறேன். என் தலை கொஞ்சம் சாய்ந்தால் போதும், "குனியாத!" என்று போடுகிற சத்தத்தில் பவுனம்மாள் வீட்டு நாய் குரைக்கிறது. இத்தனை வருஷம் மேஸ்திரியிடம் வாங்கியதை வட்டியோடு என்மேல் இறக்குகிறாள். பெங்களூருப் பயிற்சிக்கூடத்தில் குளிர்சாதனம், கண்ணாடிச் சுவர், கணினித் திரை எல்லாம் இருக்கிறது. இப்படிக் கத்துவதற்கு ஒரு ஆள் இல்லை.

ஆகஸ்டு 15, வெள்ளி

கரண்டி கட்டிய கயிறு அறுந்துவிட்டது. கொடியேற்றத்துக்கு மிட்டாய் கொடுத்தார்கள்.

ஆகஸ்டு 19, செவ்வாய்

இன்றைக்கு முழுக்க ஒரு தடவைகூடக் குனியவில்லை. பெருமைப்பட்டுக்கொண்டு சாயங்காலம் சோப்பு கீழே விழுந்தபோது காலால் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரோரம் சேர்த்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், வேறு யாரும் படிக்கப் போவதில்லை. அந்த நெம்புகோலை முழங்கை உயரத்தில் வைத்தவன் எவனோ, அவன் ஒரு இடுப்பைப் பற்றி யோசித்திருக்கிறான். என் இடுப்பு இல்லை, இருந்தாலும் ஏதோ ஒரு இடுப்பு. சீட்டில் பஞ்சைத் திருடியவனும் அவனும் ஒரே கம்பெனியில்தான் வேலை செய்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

ஆகஸ்டு 26, செவ்வாய்

பெங்களூரு பஸ். நாளைக்கு விநாயகர் சதுர்த்தி என்று ஊரே பஸ்ஸில் இருக்கிறது. பிள்ளையார் ஒருவர் பக்கத்து சீட்டில், பிளாஸ்டிக் உறைக்குள், டிக்கெட் இல்லாமல். திண்டிவனத்திலிருந்து ஏறி வந்தவர்கள் ஆகாயக் கோட்டையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வாசலில் வணக்கம் சொல்ல பொம்மை வைத்திருக்கிறார்களாம், மோட்டார் பொம்மை, ஆள் வந்தால் தானாகக் குனிந்து நிமிருமாம். நேற்று குனிந்தது நிமிரவே இல்லையாம்.

செங்கம் தாண்டும்வரை சிரித்தேன். அதற்கப்புறம் போனில் கையேட்டைத் திறந்து கதவுப் பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்தேன். தோற்றால் இதே பஸ்ஸில்தான் திரும்ப வேண்டும்.

ஆகஸ்டு 28, வியாழன்

அதே கூடம், அதே அனு. மூன்றாவது தடவை என்பதால் பெரிய அதிகாரி ஒருவரும் உட்கார்ந்திருந்தார். 'தரை இறங்கியாச்சு, கதவைத் திறங்க' என்று ஒலிபெருக்கி சொன்னது. இடுப்பு அசைந்தது, அது நிச்சயம். ஆனால் அந்த நொடியில் காதுக்குள் ஒரு சத்தம், கூடவே பவுனம்மாள் வீட்டு நாயும். அசைந்தது அப்படியே நின்றுவிட்டது. கை நேராக நெம்புகோலுக்குப் போனது. தூக்கினேன். சின்ன ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். மெத்தை மாட்டியிருக்கிறது என்று காட்டுகிற விளக்கு எரியவில்லை. கைப்பிடியை இழுத்தேன்.

ஹார்ன் இல்லை.

வெளியே வந்ததும் அனு, "எப்படிக்கா மாத்துனீங்க?" என்றாள். எங்க ஊரில் ஒரு பயிற்சியாளர் இருக்கிறார் என்றேன். எந்த அகாடமி என்று கேட்டாள். பின்கட்டு அகாடமி என்றேன். குறித்துக்கொண்டாள், பாவம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

புதுசில் முதல் நாள். சென்னையிலிருந்து கோவை.

என் கருத்தில் எந்த மாற்றமும் இல்லை. சீட்டு அப்பளம்தான். ஒரு பெரியவர் கழிவறைக்குள் போய்த் திரும்ப முடியாமல் பின்பக்கமாகவே வெளியே வந்தார். ஊதா வெளிச்சத்தில் என் முகம் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவள் முகம் மாதிரி இருந்தது. கடைசி வரிசையில் ஒருவன், 'இந்தம்மாவ எங்கருந்து புடிச்சாங்க, பழைய ஸ்டாக்' என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. தண்ணீர் கேட்டான். கொடுத்தேன், எல்லோருக்கும் கடைசியாக.

கோவையில் இறங்கியதும் கதவைத் திறந்தேன். வெளியே படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன் கட்டைவிரலைக் காட்டினான்.

ஜனங்கள் இறங்கி முடித்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். எடுத்ததும் வணக்கமும் இல்லை, நல விசாரிப்பும் இல்லை. "குனிஞ்சியா?" என்றாள்.

"இல்லம்மா."

தாழ்ப்பாளை இழுக்கிற சத்தம் கேட்டது. போனைக் கையில் பிடித்துக்கொண்டே தெருவுக்குப் போயிருக்கிறாள். எதிர்வீட்டைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"ஏ பவுனு, நிமிந்தே தொறந்துட்டாளாம்."